மேசையில் மாட்டும் நாற்காலி

ஜனவரி 12

அன்புள்ள குருவிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். நீயும், பிறந்து இருபது நாளே ஆன நம் பட்டாணியும், உன் வீட்டுக்காரர் வாத்தியாரும், அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? தையல் ஆறிவிட்டதா? ஆறிவிட்டது என்று பொய் சொல்லாதே. நின்றுகொண்டு துணி மடிக்காதே.

இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நீ போனை எடுத்தால் உன் மாமியாரின் காதும் கூடவே வருகிறது. "நல்லா இருக்கேன்க்கா, எல்லாம் நல்லா இருக்கு" என்று நீ ஒப்பிப்பதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் இனிமேல் கடிதம்தான். பார்சலுக்குள் குழந்தைத் துணிக்கு நடுவில் வைத்து அனுப்பினால் யாரும் பிரிக்க மாட்டார்கள்.

பார்சலில் இருபது துணி நாப்கின் வைத்திருக்கிறேன். புதிதாக அப்படியே கட்டாதே, இரண்டு முறை அலசிய பிறகுதான் ஈரத்தை உறிஞ்சும். நகவெட்டி சின்னதாக இருக்கிறதே என்று பார்க்காதே, குளிப்பாட்டிய பிறகு நகம் ஊறியிருக்கும்போது வெட்டினால் கை நடுங்காது. குளிக்கிற தண்ணீரின் சூட்டை விரலால் பார்க்காதே, முழங்கையால் பார். காய்ச்சல் பார்க்கும் கருவியும் இருக்கிறது. "கையை வச்சாலே தெரியாதா?" என்று உன் மாமியார் கேட்பார். கேட்கட்டும், நீ கருவியை வைத்துப் பார்.

பவுடர் அனுப்பவில்லை, வேண்டாம். தலையணையும் வேண்டாம். எங்கள் கடையில் யானைக்காது மாதிரி ஒரு தலையணை இருக்கிறது, நானே ஒரு நாளைக்கு நாலு விற்கிறேன். உனக்கு அனுப்ப மாட்டேன். மல்லாக்கப் படுக்க வை, பக்கத்தில் பொம்மைகூட இருக்கக் கூடாது. சக்கரம் வைத்த நடைவண்டியை யாராவது பரிசாகக் கொடுத்தால் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடு. அதையும் நான் விற்கிறேன். விற்கிறவளுக்குத்தான் தெரியும் எது ஆகாது என்று.

எனக்கென்று ஒரு குழந்தை இல்லாமல் போனாலும், பன்னிரண்டு வருடமாக எத்தனையோ குழந்தைகளின் முதல் உடுப்பை என் கையால் மடித்துக் கொடுத்திருக்கிறேன். அம்மா போன பிறகு உன் தலைமுடியைச் சீவிவிட்டவளும் நான்தான். அதனால் உரிமையோடு அதட்டுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

பட்டாணியின் உள்ளங்காலுக்கு என் முத்தம்.

உன் அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

குருவி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க நிற்காமல், ஆள் இல்லாத நேரத்திலாவது அந்த முக்காலியில் உட்கார்.

மூன்று மாதம் கழித்துப் பதில் போடுகிறேன், திட்டு. நான்கு தடவை எழுத ஆரம்பித்தேன். நாலாவது காகிதத்தின்மேல் பட்டாணி பால் கக்கிவிட்டான். இதை அவன் தூங்கும்போது குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், சிரிக்காதே. இந்த வீட்டில் தாழ்ப்பாள் உள்ள கதவு இது ஒன்றுதான்.

நீ அனுப்பியதில் எதுவும் வீணாகவில்லை. காய்ச்சல் பார்க்கும் கருவியை அத்தை முதலில் கேலி செய்தார். பிப்ரவரியில் தடுப்பூசி போட்ட அன்று "கொதிக்குதே, கொதிக்குதே" என்று அவரே குதித்தார். கருவியை வைத்துப் பார்த்தால் லேசான சூடுதான். அன்றிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் அத்தை கருவியோடு கிளம்பிவிடுகிறார். வாத்தியார் தன் பங்குக்கு, பட்டாணி எத்தனை தடவை நாப்கின் நனைக்கிறான் என்று நோட்டில் கட்டம் போட்டுக் குறிக்கிறார். கணக்கு வாத்தியார் வேறு என்ன செய்வார்? "நேத்து பதினொண்ணு, இன்னிக்கு ஒன்பதுதான், ஏன்?" என்று என்னைக் கேட்கிறார். என்னமோ நான் இரண்டை ஒளித்து வைத்ததுபோல.

ஆனால் அக்கா, ஒன்று சொல்ல வேண்டும். இங்கே என்ன பேச்சு வந்தாலும் கடைசியில், "இவளோட அக்கா என்ன சொல்றா?" என்றுதான் அத்தை கேட்கிறார். நான் சொன்னால் எடுபடாது. நீ சொன்னதாகச் சொன்னால் மறுபேச்சு இல்லை. அதனால் எனக்குத் தோன்றுவதையெல்லாம் உன் தலையில் கட்டிவிடுகிறேன். போன வாரம் "குழந்தையோட வாயில யாரும் முத்தம் கொடுக்கக் கூடாதுன்னு அக்கா எழுதியிருக்கா" என்று அடித்துவிட்டேன். யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடு.

ஜூன் மாதம் பல் ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்புகிறேன். டாக்டரம்மா அரை நாள் போதும் என்று சொல்லிவிட்டார். அப்போது அவனுக்கு ஆறு மாதம் ஆகிவிடும், ஊட்ட ஆரம்பிக்க வேண்டும். உட்கார வைத்து ஊட்ட ஏதாவது நாற்காலி இருக்கிறதா? எங்கள் சமையலறை உனக்குத் தெரியும், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். காலை அகட்டி நிற்கிற பெரிய நாற்காலி வேண்டாம்.

உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது.

குருவி


மே 15

அன்புள்ள குருவிக்கு,

நான் சுகம். முதுகு தன் பாட்டுக்கு இருக்கிறது. பட்டாணி குப்புற விழுந்துவிட்டான் என்று வாத்தியார் போனில் சொன்னார், சந்தோஷம். இனி கட்டிலில் தனியாக விடாதே, ஒரு நிமிடம் என்றாலும் தரையில் விரித்துப் போடு.

குளியலறையில் உட்கார்ந்து எழுதியதைப் படித்துச் சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை. என் பெயரை எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள். இந்த உலகத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாத வீடு ஒன்றாவது இருக்கட்டும்.

நீ கேட்டதற்கு அச்சில் வார்த்ததுபோல ஒன்று போன வாரம்தான் வந்திருக்கிறது. மேசையில் மாட்டும் நாற்காலி. கால்களே கிடையாது. இரண்டு இரும்புக் கைகள் மேசையின் மேல்பக்கம் உட்காரும், கீழிருந்து இரண்டு திருகுகள் பிடித்துக்கொள்ளும். குழந்தை பெரியவர்களோடு மேசையில் உட்கார்ந்ததுபோல இருக்கும். வேலை முடிந்தால் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிடலாம். முதலில் வந்த பெட்டியிலிருந்து உனக்கென்று ஒன்றை எடுத்து வைத்து அனுப்பியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் மறக்காதே. ஒவ்வொரு தடவை உட்கார வைக்கும்போதும் இரண்டு திருகையும் இறுக்கு. நேற்று இறுக்கினேனே என்று விடாதே. ஒவ்வொரு தடவையும். மேசையில் விரிப்பு போடாதே, வழுக்கும். இடுப்புப் பட்டையைப் போடாமல் உட்கார வைக்காதே.

முதலில் மசித்த உருளைக்கிழங்கு, பிறகு வாழைப்பழம். ஒரே நாளில் இரண்டு புதுச் சாப்பாடு கொடுக்காதே, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாமல் போகும். துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதே, நாக்குக்குப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். கரண்டி ரப்பர் முனை உள்ளது. கழுத்துத் துணி ஆறு வைத்திருக்கிறேன், ஆறும் ஒரே நாளில் அழுக்காகும்.

வேலைக்குப் போகும் முதல் நாள் அழுகை வரும். அவனுக்கு இல்லை, உனக்கு. முகத்தைக் கழுவிக்கொண்டு போ.

உன் அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். நீ சொன்னபடியே அழுதேன், பேருந்தில். பக்கத்து இருக்கைப் பெண் "பல்வலியாம்மா?" என்று கேட்டாள். பல் ஆஸ்பத்திரி வாசலில்தான் இறங்கினேன், அவளுக்கு அதுவே பதிலாகிவிட்டது.

நாற்காலியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அக்கா, எங்கள் வீடே மாறிவிட்டது! முன்பெல்லாம் ஆளுக்கொரு நேரம் சாப்பிடுவோம். இப்போது பட்டாணி ஏழு மணிக்கு மேசையில் உட்கார்ந்து தட்டைத் தட்டுகிறான், நாங்கள் மூன்று பேரும் ஓடி வந்து உட்காருகிறோம். தலைவர் கூட்டம் நடத்துவதுபோல இருக்கிறது. வாத்தியாரின் கண்ணாடி முழுக்க உருளைக்கிழங்கு. அத்தை என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, "நீயும் சாப்பிடு, காலையிலேர்ந்து நிக்கிற" என்று நேற்று முதல்முறையாகச் சொன்னார். தெருவில் கைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்கெல்லாம் போய், "எங்க மருமகளோட அக்கா அனுப்பினது" என்று பெருமை அடித்துக்கொள்கிறார்.

ஒரு சின்னச் சந்தேகம். வலது பக்கத் திருகு நன்றாக இறுகுகிறது. இடது பக்கத்தில் இறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றுகிறது. திரும்ப இறுக்கினால் பிடிக்கிறது. இது எல்லாவற்றிலும் அப்படித்தானா? வாத்தியாரிடம் காட்டினேன், ஆட்டிப் பார்த்துவிட்டு "கெட்டியாத்தானே இருக்கு" என்றார். உனக்குத் தெரிந்திருக்கும், எழுது.

குருவி


ஆகஸ்ட் 11

அன்புள்ள குருவிக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கடையில் சரக்குக் கணக்கெடுப்பு, மூச்சுவிட நேரமில்லை. ஒரு நல்ல செய்தி, என்னை மேற்பார்வையாளர் ஆக்கியிருக்கிறார்கள். கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் வேலையை விட்டுப் போய்விட்டதால் அந்தப் பொறுப்பும் என்னிடம் வந்திருக்கிறது. இப்போது உட்கார நாற்காலி கொடுத்திருக்கிறார்கள்.

போன மாதம் போனில் பேசியபோது உன் குரல் தெளிவாக இருந்தது. நான்தான் சரியாகப் பேசவில்லை, கடையில் ஆள் வந்துவிட்டது.

பட்டாணிக்குப் பல் முளைக்கிற நேரம். கடிப்பதற்கென்று விற்கிற வளையம் எல்லாம் வேண்டாம், சுத்தமான துணியை நனைத்துக் குளிர வைத்து அதைக் கடிக்கக் கொடு. எச்சில் வழிந்து மோவாய் சிவந்தால் தேய்த்துத் துடைக்காதே, ஒற்றி எடு. இனி தவழ ஆரம்பிப்பான். அதனால் நீ ஒரு நாள் தரையில் தவழ்ந்து பார், அவன் உயரத்தில் என்னென்ன கைக்கு எட்டுகிறது என்று அப்போதுதான் தெரியும். மின்சாரத் துளைகளுக்கு மூடி அனுப்பியிருக்கிறேன். அலமாரிக் கதவுக்குப் பூட்டு. மேசை முனைகளில் ஒட்ட ரப்பர். எல்லாவற்றையும் இந்த வாரமே மாட்டிவிடு. மருந்துப் புட்டிகளை மேல்தட்டுக்கு மாற்று. படிக்கட்டில் தடுப்பு வை.

அவனை இனித் தரையில் பாய் விரித்து உட்கார வைத்தும் ஊட்டலாம். அந்த நாற்காலியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டால் உங்களுக்கும் இடம் மிச்சமாகும்.

பால் புட்டியின் ரப்பரை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மாற்று. புதியது நான்கு வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


செப்டம்பர் 6

அக்காவுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். வாத்தியார் உனக்குப் போனில் சொல்லியிருப்பார், எந்த அளவுக்குச் சொன்னார் என்று தெரியாது.

ஆகஸ்ட் 22, காலை. அவனை நாற்காலியில் உட்கார வைத்தேன். பட்டையைப் போட்டேன். இரண்டு திருகையும் இறுக்கினேன். இறுக்கினேன் அக்கா. ஆறிய கஞ்சியை எடுக்க அடுப்புப் பக்கம் திரும்பினேன், இரண்டு எட்டு. அவன் மேசையைத் தட்டிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அடுத்தது விழுந்த சத்தம். இடது பக்கம் விட்டுப் போய், நாற்காலியோடு சேர்ந்து தரையில் கிடந்தான். வலது காதுக்கு மேலே அடி. அழவில்லை. அழாததுதான்...

காதுக்குப் பின்னால் எலும்பில் விரிசல். காதிலிருந்து இரத்தம் வந்தது. ஐந்து நாள் தீவிர சிகிச்சையில் இருந்தான். இப்போது கண் திறந்து பார்க்கிறான், பால் குடிக்கிறான், உயிருக்குப் பயம் இல்லை என்கிறார்கள். காது கேட்பது பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாதாம்.

அத்தை அன்றைக்கே அந்த நாற்காலியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார். "திருகை இறுக்கக்கூட நேரமில்லை, வேலைக்கு ஓடுற அவசரம்" என்று இங்கே வராந்தாவில் எல்லோரும் கேட்கச் சொன்னார். வாத்தியார் அவரைத் தடுக்கவில்லை. என்னிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை.

நீ கடையில் இருக்கிறாய். வேறு யாருக்காவது இப்படி ஆனதாகக் கேள்விப்பட்டாயா? அந்தத் திருகைப் பற்றி நான் கேட்டிருந்தேனே, நீ பதில் எழுதவில்லை. அதனால் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

குருவி


செப்டம்பர் 15

அன்புள்ள குருவிக்கு,

செய்தி கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உயிருக்குப் பயம் இல்லை என்றார்களே, அது போதும். வர வேண்டும் என்றுதான் இருக்கிறது, கடையில் விடுப்பு கிடைக்கவில்லை.

அடிபட்ட காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள். குளிப்பாட்டும்போது தலைக்கு ஊற்றாதே, ஈரத்துணியால் துடைத்து எடு. பஞ்சு குச்சி காதுக்குள் போகவே கூடாது. மருந்தைக் கொடுக்கும் நேரத்தை எழுதிச் சுவரில் ஒட்டிவை. மெத்தென்ற தொப்பி இரண்டு அனுப்பியிருக்கிறேன், உள்பக்கம் தையல் இல்லாதது, உறுத்தாது.

இது யார் வீட்டிலும் நடக்கக்கூடியது. திருகு என்றால் சில சமயம் தானாகத் தளரும். உன் தப்பு இல்லை, மனதைத் தளரவிடாதே.

உன் அக்கா


அக்டோபர் 20

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்காமல் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. போன திங்கட்கிழமை காதுப் பரிசோதனை. பட்டாணிக்கு வலது காது கேட்காது. நாளாக நாளாகச் சரியாகுமா என்று கேட்டேன். டாக்டர் இல்லை என்று தலையசைத்துவிட்டு, இடது காது நன்றாக இருக்கிறது, அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அன்று சாயங்காலம் வாத்தியார் உன் கடிதங்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். நான் அவற்றைத் துணிப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். மே மாதக் கடிதத்தை அத்தை முன்னால் சத்தமாகப் படித்தார். "ஒவ்வொரு தடவை உட்கார வைக்கும்போதும் இரண்டு திருகையும் இறுக்கு. நேற்று இறுக்கினேனே என்று விடாதே." படித்துவிட்டு, வகுப்பில் கேட்பதுபோலக் கேட்டார்.

"உங்க அக்கா இவ்வளவு தெளிவா எழுதியிருக்காங்களே. நீ இறுக்கினியா?"

"இறுக்கினேன்."

"இறுக்கியிருந்தா எப்படிக் கழண்டுச்சு?"

செப்டம்பரில் நீ எழுதியதைக் காட்டினேன். "இது ஆறுதலுக்கு எழுதினது" என்று மடித்துக் கொடுத்துவிட்டார்.

டாக்டரம்மா இரண்டு தடவை ஆள் அனுப்பினார். வேலைக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். குழந்தை அத்தையின் அறையில் தூங்குகிறான். குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் அவர்தான். நான் தூக்கினால் பின்னாலேயே வந்து நிற்கிறார். முந்தாநாள் நான் நாப்கின் மாற்றும்போது, "ஊசி கீசி இல்லையே, நல்லாப் பாரு" என்றார். அந்த நாப்கினில் ஊசியே கிடையாது அக்கா, ஒட்டுப்பட்டை.

இப்போதெல்லாம் எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை போய்ப் பார்க்கிறேன். கதவைப் பூட்டிவிட்டுப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறேன். அன்றைக்கு இறுக்கினேன் என்று என் கைக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் முதல் நாள் இறுக்கியதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேனோ? யோசிக்க யோசிக்க எல்லாக் காலையும் ஒரே காலையாகிவிட்டது. ஒருவேளை இறுக்கவில்லைதானோ என்று நேற்று முதல்முறையாகத் தோன்றியது.

உன்னிடம் ஒரே ஒன்று கேட்கிறேன். அந்த நாற்காலியில் ஏதாவது கோளாறு உண்டா, இல்லையா? உனக்குத் தெரிந்ததை ஒரு வரியில் எழுது. கோளாறு இல்லை என்றாலும் எழுது. அப்போது நான்தான் காரணம் என்று முடிவு கட்டிக்கொண்டு, அதோடு எப்படி இருப்பது என்று பார்க்கிறேன்.

குருவி


நவம்பர் 19

என் குருவிக்கு,

உன் கடிதம் வந்து இருபத்தைந்து நாள் ஆகிறது. தினமும் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறேன், வருகிறேன்.

நீ இறுக்கினாய். நீ எத்தனை தடவை இறுக்கியிருந்தாலும் அது கழன்றுதான் இருக்கும். அந்தத் திருகைப் பிடித்துக்கொள்ளும் மரை இரும்பு கிடையாது, பிளாஸ்டிக். இறுக்க இறுக்கத் தேய்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு தடவையும் இறுக்கச் சொன்னவள் நான்.

ஜூன் கடைசியில் ஒரு பெண் நாற்காலியையும், மோவாயில் கட்டுப் போட்ட குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். முதலாளி "நீங்க சரியா இறுக்கலைம்மா" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அப்போது எனக்கு உண்மை தெரியாது, ஆனால் கேட்கவும் இல்லை. அடுத்த பத்து நாளில் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஜூலை 9 அன்று தயாரித்த இடத்திலிருந்து கடிதம் வந்தது. இன்ன எண் போட்ட நாற்காலிகளில் திருகு பழுது, விற்பதை நிறுத்துங்கள், வாங்கியவர்களுக்கு உடனே சொல்லுங்கள் என்று. அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

முதலாளி என்னையும் கிடங்கு அண்ணனையும் கூப்பிட்டார். "கிடங்குல முப்பத்தெட்டு கிடக்கு. நாம மூணு பேரைத் தவிர யாருக்கும் இது தெரிய வேண்டாம். எண் போட்டு ஒட்டின சீட்டை மட்டும் எடுத்துட்டா போதும்" என்றார். அண்ணன் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "எனக்குப் பேரப்பிள்ளை இருக்கு முதலாளி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் நின்றேன். ஈரத்துணியால் ஊற வைத்து, விட்டுப்போன இடத்தை நகத்தால் சுரண்டி, முப்பத்தெட்டுச் சீட்டையும் எடுத்தவள் நான்தான். அடுத்த வாரம் மேற்பார்வையாளர் ஆனேன்.

அந்தக் கடிதம் வந்த அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். நீ எடுத்ததும், "அக்கா, உன் நாற்காலியைப் பத்தித்தான் அத்தை தெருவெல்லாம் பேசுறாங்க, உன்னைத் தலையில தூக்கி வச்சு ஆடுறாங்க" என்று சிரித்தாய். பின்னால் பட்டாணி தட்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் உன் வீட்டில் என் பேச்சுக்கு இருந்த மதிப்பு போய்விடும் என்று நினைத்தேன். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை, குருவி. தேடிப் பார்த்துவிட்டேன். கடையில் ஆள் வந்துவிட்டது என்று போனை வைத்தேன். ஆளே வரவில்லை.

ஒரு மாதம் கழித்து, மற்றவற்றுக்கு நடுவில் உள்ளே எடுத்து வை என்று எழுதினேன். நீ கழற்றிவிடுவாய், யாருக்கும் எதுவும் தெரியாமல் போய்விடும் என்று நம்பினேன்.

இந்தக் கடிதத்தை வாத்தியாரிடமும் அத்தையிடமும் காட்டு. உன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று அவர்களுக்குத் தெரியட்டும். எழுதி முடித்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வருகிறது. என்னை நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்கமாட்டேன். ஆனால் என்றாவது ஒரு நாள் பதில் போடு.

உன் அக்கா


டிசம்பர் 8

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நகலும் கிடைத்தது.

சொன்னபடி காட்டினேன். வாத்தியார் இரண்டு தடவை படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, உன் மேல தப்பில்லை" என்றார். விடைத்தாளில் கூட்டல் பிழையைத் திருத்திக் கொடுப்பதுபோல இருந்தது. நீங்கள் அனுப்பிய நாற்காலியைத் தன் கையால் ஆட்டிப் பார்த்துக் கெட்டியாக இருக்கிறது என்று சொன்னவர் அவர்தான். அதை நான் ஞாபகப்படுத்தவில்லை. அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும், அன்று சாப்பிடவில்லை.

அத்தை குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அவன் அவரைப் பார்த்துக் கையை நீட்டி அழுதான். இரண்டு மாதத்தில் பழகிவிட்டது. என்னிடம் பழைய மாதிரி வர எத்தனை நாள் ஆகும் என்று தெரியவில்லை. அதற்குக் குறிப்பு எதுவும் இருந்தால்கூட எழுத வேண்டாம்.

ஆகஸ்ட் மாதக் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். அலமாரிப் பூட்டு, மேசை முனை, மருந்துப் புட்டி, எல்லாவற்றையும் இந்த வாரமே மாட்டிவிடு என்று அழுத்தி எழுதியிருந்தீர்கள். நான் மாட்டினேன். நாற்காலிக்கு மட்டும் இடம் மிச்சமாகும் என்று எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு அதை அத்தையிடம் சொன்னேன். "இருந்துட்டுப் போகட்டும், இடத்துக்கு என்ன குறைச்சல், அவனுக்குப் பிடிச்சிருக்கு" என்றார். நீங்கள் அதை எழுதிப் பதினோரு நாள் கழித்து விழுந்தான். ஆபத்து என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே நீ. ஒரே ஒரு வார்த்தை. குளியலறையில் உட்கார்ந்தாவது எழுதியிருக்கலாமே.

எழுதியதும் மூச்சு வந்தது என்கிறீர்கள். செப்டம்பரில் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது, அக்டோபரில் என் கையையே நான் நம்பாமல் போனபோது, அந்த மூச்சு எனக்கு வேண்டியிருந்தது.

போன வியாழக்கிழமை உங்கள் கடிதத்தையும் நகலையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் புகார் அலுவலகத்துக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். அங்கிருந்த அம்மா பொறுமையாகப் படித்தார். "இதை எழுதினவங்க உங்களுக்கு யாரு?" என்று கேட்டார். அக்கா என்றேன். "உங்க அக்கா பேர் இதுல வரும், தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். உங்களுக்கு அழைப்பு வரும். போவதும் போகாததும் உங்கள் விருப்பம்.

ஒரு விஷயம். உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்துப் பார்த்தேன். சீட்டைச் சுரண்டியதை எழுதியிருக்கிறீர்கள், வேலையை விட்டுப் போனவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், உங்களுக்குச் சோறு இறங்காததைச் செப்டம்பரிலேயே எழுதிவிட்டீர்கள். அந்த முப்பத்தெட்டு நாற்காலிகளில் எத்தனையை விற்றீர்கள் என்று எங்கேயும் இல்லை. யார் யார் வாங்கினார்கள் என்றும் இல்லை.

வாங்கியவர்களின் முகவரி கடையில் இருக்கும். அதை மட்டும் எழுதி அனுப்புங்கள். அந்த வீடுகளில் இப்போதும் யாராவது குழந்தையை உட்கார வைத்து, இரண்டு திருகையும் இறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

குருவி